பக்கத்துப் பட்டறைச் சத்தம் தூங்கவிடவில்லையா? புகார் கொடுப்பது எப்படி

வீட்டை ஒட்டி ஒரு கிரில் பட்டறையோ லேத்தோ வந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்வது "போகப் போகப் பழகிடும்" என்பதுதான். மனசு கொஞ்சம் பழகலாம். உடம்பு அந்த அளவுக்குப் பழகுவதில்லை. தூக்கத்தில் நாம் விழிக்காவிட்டாலும் சத்தம் வரும்போது இதயத் துடிப்பு ஏறுகிறது, ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. இது வருடக்கணக்கில் தொடர்ந்தால் ரத்த அழுத்தமும் இதய நோய்க்கான வாய்ப்பும் கூடுகின்றன. போக்குவரத்துச் சத்தத்தால் மட்டும் மேற்கு ஐரோப்பா ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகளை இழக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் கணக்கிட்டுச் சொன்னது.

ஆனால் "தூக்கம் போச்சு சார்" என்று போய் நின்றால் எந்த அலுவலகமும் அசையாது. எங்கள் தெருவில் வீடும் பட்டறையும் ஒரே காம்பவுண்டுச் சுவரைப் பங்குபோடுகின்றன. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனவர்களுக்கு இந்த அமைப்பு தெரிந்திருக்கும். நான் அலைந்து தெரிந்துகொண்டது இதுதான்: அலுவலகம் அசைவது எண், தேதி, உரிமம் ஆகிய மூன்றுக்குத்தான். அவற்றை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

1. முதலில் உங்கள் இடம் எந்த மண்டலம் என்று பாருங்கள்

அனுமதிக்கப்பட்ட சத்தத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே 50, 40. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 வரை.

உங்கள் வீடு நிற்கும் மனை நகரத் திட்டத்தில் தொழில் மண்டலம் என்று இருந்தால் வழக்கு பாதி பலம் இழந்துவிடும். அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பட்டாவில் உள்ள சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்கள் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்திலேயே நிலப் பயன்பாட்டைப் பார்க்கலாம். மற்ற ஊர்களில் உள்ளூர் திட்டக் குழுமத்திலோ நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்திலோ எழுதிக் கேட்க வேண்டும். உங்கள் எண்ணை மட்டும் கேட்காமல் பட்டறை நிற்கும் மனையின் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் புகார் கொடுக்கும் உரிமை உண்டு. வாடகை ஒப்பந்தமும் ஆதாரும் போதும். வீட்டு உரிமையாளர் தடுத்தால் அது வேறு தலைவலி, அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

2. இரண்டு வாரம் குறிப்பேடு எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் பக்கத்துக்கு ஐந்து பத்தி கோடு போடுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன மிஷின், வீட்டில் யாருக்கு என்ன பாதிப்பு. "காலை 5.40 முதல் 6.25 வரை கட்டிங் மிஷின், ஜன்னல் மூடியிருந்தும் குழந்தை எழுந்துவிட்டது" என்கிற மாதிரி ஒரு வரி போதும். சத்தமே இல்லாத நாட்களையும் எழுதுங்கள். தினமும் இருபத்து நான்கு மணி நேரமும் சத்தம் என்று எழுதியிருக்கும் நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

மிஷின் பெயரைச் சரியாக எழுதுவது பின்னால் பெரிதும் உதவும். கம்ப்ரஸர், ஜெனரேட்டர், கட்டிங், கிரைண்டிங் ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. ஜெனரேட்டருக்குச் சத்தம் அடக்கும் கூடு சட்டப்படியே வேண்டும். கட்டிங் மிஷினை இடம் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டு வீட்டாராவது தனித்தனி நோட்டு வைத்தால் நல்லது. எல்லாரும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதினால் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்கும், அதிகாரிக்கு உடனே தெரிந்துவிடும்.

3. போனில் அளந்து பாருங்கள், ஆனால் அதையே ஆதாரமாக நம்பாதீர்கள்

ஐபோன் இருந்தால் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் இலவசமாகத் தரும் ஒலி அளவுச் செயலி ஓரளவு நம்பகமானது. ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மைக் வேறுபடுவதால் அளவும் முன்பின் ஆகும். எதுவாக இருந்தாலும் அது சட்டப்படியான அளவீடு ஆகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வகமோ அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகமோ தரச்சான்று பெற்ற கருவியில் அளந்ததுதான் செல்லும். போன் எதற்கு என்றால், புகார் கொடுக்கும் அளவுக்கு விஷயம் இருக்கிறதா என்று நீங்களே தெரிந்துகொள்ளத்தான்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. குடியிருப்புக்கு 55 என்றால் 56 வந்ததும் புகார் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒலி மாசு விதிகளில் விதி 7 சொல்வது, வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடியிருந்தால் புகார் கொடுக்கலாம் என்று. அதாவது குடியிருப்பில் பகலில் 65, இரவில் 55. இரவு நேரத்துக்கென்று அந்த விதிகளில் தனியாக உள்ள கட்டுப்பாடுகளை மீறியிருந்தால் இந்தக் கணக்கு தேவையில்லை, நேரடியாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று, வரம்பு சராசரிக்குத்தான், உச்சத்துக்கு இல்லை. போனில் 92 என்று ஒரு நொடி மின்னியதைப் படமெடுத்துக் காட்டுவதில் பயனில்லை. செயலியில் 'சராசரி' என்று வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டாம், டெசிபல் கணக்கு நமக்குச் சாதகமாகவே போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்தே விநாடி 90 டெசிபலில் இரும்பு அறுத்தாலும் அந்த ஐந்து நிமிடச் சராசரி சுமார் 75 வந்துவிடும். ஏனென்றால் 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிறது.

அளக்கும்போது ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பட்டறை ஓடும்போது ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிறுத்தியிருக்கும்போது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் "ரோட்டுச் சத்தம்தான் சார் அது" என்ற வாதம் எடுபடாது.

4. மருத்துவக் காகிதம்: எது உதவும், எது உதவாது

மனுவில் "எங்கள் காது செவிடாகிறது" என்று எழுதாதீர்கள். காது கேட்கும் திறன் கெடுவதற்கு 85 டெசிபல் அளவில் நாளுக்கு எட்டு மணி நேரம் என்று நீண்ட காலம் கேட்க வேண்டும். அந்த ஆபத்து பட்டறைக்குள் வேலை செய்யும் தம்பிகளுக்குத்தான், உங்களுக்கு இல்லை. இந்த ஒரு வரியை வைத்தே எதிர்த்தரப்பு மனு முழுவதையும் மிகையென்று தள்ளிவிடும்.

எழுத வேண்டியது தூக்கம், ரத்த அழுத்தம், குழந்தைகளின் படிப்பு, இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர்கள், வீட்டில் நோயாளியோ முதியவரோ இருக்கும் விவரம். வீட்டில் பி.பி. மிஷின் இருந்தால் காலையும் மாலையும் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது சத்தத்தைப் பற்றிச் சொல்லி, ஓ.பி. சீட்டில் தூக்கமின்மை என்று பதிந்து தரச் சொல்லுங்கள். "பட்டறையால்தான் இந்த நோய்" என்று எந்த மருத்துவரும் எழுதித் தர மாட்டார், கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். சத்தம் தொடங்கிய தேதியும் சீட்டில் உள்ள தேதியும் அடுத்தடுத்து நின்றாலே போதும்.

5. உரிமையாளரிடம் ஒருமுறை பேசுங்கள்

இதைத் தாண்டி நேராக அலுவலகம் போனால் முதல் கேள்வியே "அவர்கிட்ட பேசினீங்களா?" என்றுதான் வரும். போகும்போது இரண்டு பேராகப் போங்கள். பட்டறை ஓடாத நேரமாகப் பாருங்கள். "ண்ணா, பட்டறையை மூடச் சொல்லலீங்க. கட்டிங் வேலையை மட்டும் காலையில எட்டு மணிக்கு மேல வச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். மிஷினுக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் மவுண்ட், கட்டிங் மேடையை உங்கள் சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் மாற்றுவது, உங்கள் பக்கத்துத் தகரத்துக்குப் பதில் ஹாலோபிளாக் சுவர், வேலை நேரம். முதல் இரண்டுக்கும் அவருக்குப் பெரிய செலவில்லை. சுவர்தான் காசு. ஒப்புக்கொண்டால் ஒரு வெள்ளைத்தாளில் நேரத்தை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டினால் திருப்பித் திட்டாதீர்கள். உங்கள் குரல்தான் வீடியோவில் பதிவாகும்.

6. உரிமத்தை ஆர்.டி.ஐ.யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) கேளுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியமானது. சத்தம் கூடுதலா என்பது அளந்து, வாதாடி, மறுபடி அளந்து முடிவாக வேண்டிய விஷயம். உரிமம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஒரே வரியில் பதில் வந்துவிடும். இல்லையென்று எழுத்தில் வந்துவிட்டால் அதன்பின் சும்மா இருப்பது அதிகாரிக்கே சிக்கல்.

தனித்தனியாக மூன்று இடத்துக்கு அனுப்புங்கள்.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சிக்கு: இந்த முகவரியில் தொழில் உரிமம் வழங்கப்பட்டுள்ளதா, என்ன தொழிலுக்கு, எத்தனை எச்.பி.க்கு, எந்தத் தேதிவரை. கட்டட அனுமதி என்ன பயன்பாட்டுக்கு. குடியிருப்பு மண்டலத்தில் சிறு தொழில்களுக்கு இடம் உண்டு, ஆனால் மோட்டார் திறனுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். எச்.பி.யைக் கேட்பது அதனால்தான்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு: இசைவாணை (தொழில் நடத்த வாரியம் தரும் அனுமதி, 'கன்சென்ட்') உள்ளதா, மாசின் அளவைப் பொறுத்து வாரியம் பிரித்திருக்கும் நிற வகைகளில் தொழில் எதில் வருகிறது, கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை வகைகளுக்கு இசைவாணை வேண்டும். வெள்ளை வகைக்கு வேண்டாம். "எங்களுக்குக் கன்சென்ட் தேவையே இல்லை" என்று உரிமையாளர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வெள்ளை வகைக்கும் ஒலி வரம்பிலிருந்து விலக்கு கிடையாது, அதை மனுவில் எழுதிவிடுங்கள்.

மின்வாரியத்துக்கு: அந்த இணைப்பு என்ன கட்டண வகை, அனுமதித்த மின்சுமை எவ்வளவு. வீட்டு இணைப்பில் பட்டறை ஓட்டினால் மின்சாரச் சட்டம் பிரிவு 126இன் கீழ் இரு மடங்கு கட்டணம் விழும். தனிநபர் விவரம் என்று சொல்லித் தர மறுக்கலாம். அப்படியானால் மேல்முறையீட்டில் நேரத்தைப் போக்காமல், முறைகேடாக மின்சாரம் பயன்படுத்தப்படுவதாகப் பகுதிப் பொறியாளரிடம் நேரடியாக மனு கொடுத்துவிடுங்கள்.

செலவு: மனுவுக்கு 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்.

7. மனுவை யாருக்குக் கொடுப்பது

ஒலி விதிகள்படி நடவடிக்கை எடுக்க வேண்டிய 'அதிகாரி' மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அலுவலர் என்று அரசு நியமிக்கும் ஒருவர். இதைத் தெரியாமல் போனால் பந்து உருளும். நான் போன ஓர் அலுவலகத்தில் "சத்தம்னா போலீஸ்" என்றார்கள், அங்கே போனால் "பட்டறைன்னா மாசுக் கட்டுப்பாடு" என்றார்கள். அதனால் ஒரே மனுவைத் தயார் செய்து, பெறுநர் இடத்தில் ஆட்சியர், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், உள்ளாட்சி ஆணையர், காவல் நிலையம் என நால்வரையும் எழுதி நால்வருக்கும் கொடுத்துவிடுங்கள்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். காலையிலேயே போய்விடுங்கள். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) கேட்டு வாங்குங்கள், "வந்து பார்க்கிறோம்" என்ற வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். மற்ற இரண்டையும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததைக் காட்டும் இணையப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். ஆனால் அங்கே பதிவது சுருக்கமாகத்தான் இருக்கும், 'முடிக்கப்பட்டது' என்று சீக்கிரமே குறுஞ்செய்தி வந்துவிடும். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இணைப்பாக வைக்க வேண்டியவை: குறிப்பேட்டின் நகல், அளவீட்டுப் பட்டியல், ஆர்.டி.ஐ. பதில், ஓ.பி. சீட்டு, வீட்டுக்கும் பட்டறைக்கும் இடையே உள்ள தூரத்தைக் காட்டும் கைவரைபடம், ஐந்தாறு வீட்டாரின் கையெழுத்து. கடைசி வரியில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: "பட்டறை இயங்கும் நேரத்தில், எங்கள் வீட்டு எல்லையில் ஒலி அளவீடு செய்து அறிக்கை நகல் தர வேண்டுகிறோம்."

இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரி மனுக்களைப் பார்த்து எழுதும்போது கவனம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாண்டுச் சிறை என்று அவற்றில் இருக்கும். 2024 ஏப்ரல் 1 முதல் அது மாறி 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்றாகிவிட்டது.

8. ஆய்வுக்கு வரும் நாள்

வாரியத்திலிருந்து அளக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் பட்டறை அமைதியாகிவிடும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அன்றைய அளவு 52 என்று அறிக்கை வந்தால் உங்கள் கோப்பு மூடப்படும். அதனால் வந்தவுடன் பணிவாக ஒரு விஷயம் கேளுங்கள்: "சார், எந்த மிஷின் ஓடும்போது அளந்தீங்கன்னு அறிக்கையில எழுதிடுங்க." மிஷின் ஓடவில்லையென்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதப்பட்டால் மறு அளவீடு கேட்க வழி திறந்திருக்கும். இரவு வேலைதான் பிரச்சினை என்றால் பகல் அளவீட்டால் பயனில்லை என்பதை மனுவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

9. அப்புறமும் நகரவில்லையென்றால்

கோட்டாட்சியர்: ஊர்மக்களின் உடல்நலத்துக்கோ நிம்மதிக்கோ கேடான தொழிலை நிறுத்தவோ ஒழுங்குபடுத்தவோ அவர் உத்தரவிடலாம். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 152. பழைய சி.ஆர்.பி.சி. 133தான் 2024 ஜூலை 1இலிருந்து இந்த எண்ணில் இருக்கிறது. இங்கே கட்டணமில்லை. ஆனால் பாதிப்பு பலருக்கு என்று காட்ட வேண்டும், ஒரே ஒரு வீட்டின் பிரச்சினை என்றால் சிவில் கோர்ட்டில் தடை உத்தரவுதான் வழி.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்: தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய். நீங்களே வாதாடலாம். ஆனால் ஒரு தெருவின் ஒரு பட்டறை என்று போனால் வாரியத்திடமே திருப்பி அனுப்பக்கூடும், பல பட்டறைகள் சேர்ந்த பகுதிப் பிரச்சினை என்றால் எடுபடும். பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். மனு மேல் மனுவாகக் கொடுத்து ஒரு வருடத்தைக் கடத்திவிட்டு இங்கே வருபவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் அந்தக் கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பே பார்ப்பதில்லை. வீட்டில் அம்மாவோ அக்காவோ பெயரில் மனு போனால் வேலை சுலபம். வழக்குக்கு முன்பே சமரசம் பேசவும் அங்கே வழி உண்டு, பக்கத்து வீட்டுத் தகராறுக்கு அது கோர்ட்டைவிட நல்லது.

10. அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்

ஆர்.டி.ஐ.யிலிருந்து ஆய்வுவரை நாலைந்து மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையறையைப் பட்டறைக்கு எதிர்ப்பக்கம் மாற்றுவதுதான் செலவில்லாத, நன்றாகப் பலன் தரும் வழி. ஜன்னல் இடுக்கு, ஏ.சி. குழாய் போகும் துளை, கதவின் அடி இடைவெளி ஆகியவற்றை ரப்பர் பட்டையோ சிலிக்கானோ வைத்து அடையுங்கள். காற்று நுழையும் இடமெல்லாம் சத்தமும் நுழையும். கனத்த திரைச்சீலை அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர வெளிச் சத்தத்தைத் தடுக்காது. முட்டை அட்டை ஒட்டுவது சுத்த வீண்.

சுவரோரம் ஒரு வரிசை மரம் நட்டால் சத்தம் அடங்கும் என்று பலர் சொல்வார்கள். ஒரு வரிசை மரம் டெசிபலை அநேகமாகக் குறைக்காது, அதற்குப் பல மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த தோப்பு வேண்டும். ஆனாலும் நடுங்கள். தகரக் கூரைக்குப் பதில் பச்சை தெரிந்தால் அதே சத்தம் கொஞ்சம் எரிச்சல் குறைவாகப் படும், தூசியும் வெயிலும் குறையும். காம்பவுண்டுச் சுவரை உயர்த்துவதானால் மாடி ஜன்னலிலிருந்து மிஷின் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் சுவரால் மாடிக்குப் பயனில்லை, காசைச் சுவரில் போடாமல் ஜன்னலில் போடுங்கள்.

சத்தம் நின்ற பிறகும் நோட்டையும் ரசீதுகளையும் ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பட்டறை கைமாறினாலோ புது மிஷின் வந்தாலோ அடுத்த மனுவில் பழைய மனு எண்ணைப் பார்வை என்று குறிப்பிடலாம். உரிமம் புதுப்பிக்கும் தேதி ஆர்.டி.ஐ. பதிலில் இருக்கும், அதற்கு ஒரு மாதம் முன்னதாக உள்ளாட்சி அலுவலகத்தில் ஆட்சேபணைக் கடிதம் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.